முன்வரிசையில் தூங்காதவர்

எங்கள் கொசு ஆய்வு நிலையத்தின் ஆராய்ச்சி நாளில் பயிற்சி மாணவர்கள் நாங்கள் பேசுவோம், விஞ்ஞானிகள் கேட்பார்கள். முன்வரிசையில், குடைப்பிடியில் தாடையை ஊன்றியபடி ஒரு மூத்த விஞ்ஞானி இருப்பார். படம் காட்ட விளக்கை அணைத்ததும் தூங்கிவிடுவார்.

"அவரு தூங்கிட்டாருன்னா உன் வேலைல சரக்கு இல்லன்னு அர்த்தம்டா," என்றான் நண்பன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அவர் தூங்கிவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டு மேடை ஏறினேன்.

குருசுக்குப்பத்துக் கிணறுகளில் சிறுமீன்களை விட்டுக் கொசுப்புழுக்களை ஒழித்ததைச் சொல்லத் தொடங்கினேன். இருட்டில் அவர் குரல் வந்தது.

"மீன்புடிக்கிற குப்பமாச்சே தம்பி, அள்ளிட்டுப் போயிட மாட்டாங்க?"

"கடல்ல புடிக்கிறவங்க சார். இந்தப் பொடி மீனப் பாத்து சிரிச்சிட்டுப் போயிட்டாங்க."

அரங்கமே சிரித்தது. அவர் விடவில்லை. கோடையில் கிணறு வற்றினால் என்ன, மழையில் நிரம்பி வழிந்தால் என்ன என்று கேட்டுக்கொண்டே இருந்தார். எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது. கடைசிப் படம்வரை அவர் தூங்கவில்லை!

தேநீர் வேளையில் போய் நன்றி சொன்னேன்.

"நன்றியெல்லாம் எதுக்கு? தப்பு கண்டுபுடிக்கலாம்னுதான் முழிச்சிருந்தேன். ஒண்ணும் ஆப்புடல," என்று சலித்துக்கொண்டே வடையை எடுத்தார்.

பிறகு எத்தனையோ பேர் பாராட்டிவிட்டார்கள். அவர் முகத்தில் அன்று கண்ட ஏமாற்றத்துக்கு அதில் எதுவும் ஈடாகவில்லை.