வேலி தாண்டாத சூடு

ஊரை விட்டு வந்த இந்தக் குளிர்நாட்டில் எங்கள் இரண்டு வீடுகளும் நகரசபை நிலத்தில் நிற்கின்றன. வீடு சொந்தம், நிலம் நீண்டகாலக் குத்தகை. ஒன்றில் நான், பக்கத்து வீட்டில் அக்காவும் அத்தானும். நிலத்தடிச் சூட்டைக் குழாய் இறக்கி எடுத்து வீட்டைச் சூடாக்கலாம் என்று கேள்விப்பட்டதும் அத்தான் துள்ளிக் குதித்தார். என் வளவில் ஒரு துளை, இரண்டு வீட்டுக்கும் குழாய், செலவில் பாதிப் பாதி. ஊரில் பங்குக் கிணற்றில் அள்ளியவர்களுக்கு இதெல்லாம் பெரிய விஷயமா?

துளை போட்டு, வேலிக்குக் கீழே குழாய்க்கு வாய்க்காலும் வெட்டிய பிறகு நகரசபை அதிகாரி ஒருத்தி வந்தாள். சூட்டை எடுத்த காணிக்குள்ளேயே பாவித்தால் அது வீட்டுத் தேவை, எல்லை தாண்டினால் சுரங்கத் தொழில் என்றாள். சட்டப்படி அந்தச் சூடு நிலத்தோடு சேர்ந்த சொத்தே இல்லையாம். குத்தகைக்குத் தந்த நகரசபைக்கே அதில் உரிமை இல்லையாம். அரசிடம் தனியாக அன்ராக், அதாவது விண்ணப்பம், போட வேண்டுமாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு சுடுதண்ணீர்க் குழாய்க்குச் சுரங்கச் சட்டமா என்று கத்தினேன். அவள் அசையவில்லை. அந்த அன்ராக்கோடு கொடுக்க வேண்டிய நிபுணர் அறிக்கைகளின் பட்டியலையும் செலவையும் பார்த்ததும் அதைக் கைவிட்டோம்.

வாய்க்காலை மூடிய அன்று அத்தான் வேலியடியில் வெடித்தார்.

"துளை உன்ரை வளவுக்கை. எனக்கென்ன மிச்சம்? உனக்கு முதலே தெரியும்!"

"விசர்க்கதை கதையாதேங்கோ அத்தான்."

"சொந்தத் தங்கச்சிக்கே கிணத்துப் பங்கில்லை எண்டு கோட்டிலை வழக்காடினவர்தானே கொப்பர்!"

அப்பாவை இழுத்ததும் மண்வெட்டியை எறிந்துவிட்டேன். அக்கா ஓடி வந்து நடுவில் நின்றாள்.

"உனக்குத் தெரியாதுதானே, தம்பி?"

"சத்தியமாத் தெரியாது அக்கா."

தெரியும். துளை போடுவதற்கு முன்பே நகரசபையின் சம்மதக் கடிதம் எனக்கு வந்திருந்தது. சூட்டைக் குத்தகைக் காணியின் எல்லைக்குள் மட்டும் பாவிக்கலாம் என்று அதில் தெளிவாக எழுதியிருந்தது. இரண்டு தரம் வாசித்தேன். அத்தானுக்குச் சொன்னால் அவர் தரும் பாதிக் காசு போய்விடும், தனியாகத் துளை போட எனக்கு ஏலாது. கடிதத்தை மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினேன். அந்த அதிகாரி மீது எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. நான் ஒளித்ததை அவள் வாசலில் வந்து சொன்னாள், அவ்வளவுதான் அவள் செய்த குற்றம்.

இந்தக் குளிருக்கு என் தரை வெறுங்காலுக்கு இதமாக இருக்கிறது. பக்கத்து வீட்டில் அக்கா குளிரங்கியோடு சமைக்கிறாள். அத்தானோடு அவளுக்கு இன்னும் சண்டை. நேற்றும் வேலிக்கு அப்பால் அவள் குரல் கேட்டது.

"என்ரை தம்பி அப்பிடிச் செய்யமாட்டான்."