ஆறு மாதக் கார்

பூதத்தான் ஷார்ஜாவிலிருந்து காரும் தானுமாக வந்து இறங்கிய அன்று, கல்லிடைக்குறிச்சியில் பாதிப் பேர் அவனுக்குப் பைத்தியம் என்றார்கள், மீதிப் பேர் பணத்திமிர் என்றார்கள். இரண்டும் பொய். இருபத்துமூன்று வருஷம் ஒரு மரக்கடை முதலாளி வீட்டுக்கு வண்டி ஓட்டியவனிடம் திமிர் பிடிக்கிற அளவுக்கு என்ன பணம் இருந்துவிடப் போகிறது? அவனுக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது, அவ்வளவுதான்.

முதலாளி வீட்டுப் பெண்களையெல்லாம் கதவு திறந்து ஏற்றி, கதவு திறந்து இறக்கி, கடைக்கும் கல்யாணத்துக்கும் கொண்டுபோய் விட்டவன், தாலி கட்டிய முப்பிடாதியை ஒரு நாள்கூட வண்டியில் வைத்து ஓட்டியதில்லை. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஒன்றரை மாத லீவில் வருவான். பாபநாசத்துக்கோ திருநெல்வேலிக்கோ இருவரும் பஸ்ஸில் போவார்கள். அதிலும் அவள் பெண்கள் பக்கம், இவன் ஆண்கள் பக்கம். அவள் அப்பளம் போட்டே இரண்டு பெண்களையும் படிக்க வைத்துக் கட்டிக் கொடுத்துவிட்டாள். அந்தக் கல்யாணங்களுக்குக்கூட இவன் விருந்தாளி மாதிரி வந்து பந்தியில் உட்கார்ந்துவிட்டுப் போனவன்தான்.

முதலாளி தன் பழைய வெள்ளைக் காரைச் சகாய விலைக்கு அவனுக்கே கொடுத்ததும் ஆசைக்குக் கால் முளைத்துவிட்டது. நேரே அசன் மைதீனிடம் போனான். காயல்பட்டினத்துக்காரர், அங்கே சரக்கு அனுப்பும் கம்பெனி வைத்திருப்பவர், நல்ல மனுஷர்.

"பாய், இந்த வண்டிய ஊருக்குக் கொண்டு போணும்."

அசன் மைதீன் சிரித்துவிட்டார். "ஓய், வரி எம்புட்டுன்னு தெரியுமாவே? வண்டி வெலைய விட வரி கூட. அத விடும், இது இடப்பக்கம் ஸ்டியரிங். நம்ம நாட்டுல பதிஞ்சே தர மாட்டான். வீட்டு முன்னால நிறுத்தி வச்சு வேடிக்க பாக்கப் போறீரா?"

பூதத்தானின் முகம் சுண்டிப்போயிற்று. அதைக் காணப் பொறுக்காமல் பாயே ஒரு வழியும் சொன்னார். கார்னெட் என்று ஒரு புத்தகம் உண்டு. ஆளுக்குப் பாஸ்போர்ட் மாதிரி காருக்கு அது. அதைக் காட்டி வண்டியை உள்ளே கொண்டுபோனால் ஆறு மாதத்துக்கு வரியும் கிடையாது, பதிவும் கிடையாது. ஆனால் ஆறு மாதம் முடிவதற்குள் வண்டி நாட்டைவிட்டு வெளியேறிவிட வேண்டும். தப்பினால் முழு வரி. கட்டாவிட்டால் ஜாமீன் போட்டவன் தலையில் விடியும். அந்த ஜாமீனையும் அசன் மைதீனே போட்டார்.

"அல்லா மேல பாரத்தப் போட்டுக் கையெழுத்துப் போடுதேன். தேதிய மட்டும் தப்ப விட்டுராதேயும்."

பூதத்தானின் விசாவுக்கும் அதே கணக்குதான். ஆறு மாதத்துக்கு மேல் ஷார்ஜாவுக்கு வெளியே இருந்தால் செத்துப்போகும். அதனால் வண்டிக்கும் ஆளுக்கும் ஒரே கெடுவாக வைத்துக்கொண்டான். சேமித்ததில் ஒரு பங்கைக் கப்பல் கூலிக்குக் கொட்டி, கொச்சியில் வண்டியை இறக்கி, புத்தகத்தில் சுங்க முத்திரை வாங்கிக்கொண்டு, ஆரியங்காவு மலைப்பாதை வழியாகத் தன்னந்தனியாகப் பாட்டுப் பாடிக்கொண்டே ஊர் வந்து சேர்ந்தான்.

முப்பிடாதி காரைப் பார்த்தாள். அரபி எழுத்து நம்பர் பலகையைப் பார்த்தாள். அப்புறம்தான் அவனைப் பார்த்தாள்.

"எத்தன நாளு?"

"ஆறு மாசம்ளா. அதுக்குள்ள வண்டியும் போயிரணும், நானும் போயிரணும். இன்னும் ரெண்டே ரெண்டு வருசம்."

ரெண்டு வருசம் என்று அவன் சொல்வது அவளுக்குப் புதிதில்லை. பத்து வருஷமாக அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தான். அவள் பெருமூச்சு விட்டுவிட்டுக் குழம்பைக் கூட்டப் போனாள். வந்த அன்றைக்கே அழுது தீர்க்க அவள் என்ன கூறுகெட்டவளா?

மறுநாள் பிள்ளையார் கோவிலில் வண்டிப் பூசை. நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. பூசாரி தட்டோடு வலப்பக்கக் கதவுக்கு வந்தார். அங்கே உட்கார்ந்திருப்பது டிரைவர்தான் என்று அவருக்கு நினைப்பு. முப்பிடாதி நெற்றியில் திருநீற்றைப் பூசி, "பாத்து ஓட்டு தாயி, பிரேக்குல ஒரு கால் இருக்கட்டும்" என்றார். சுற்றி நின்ற கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. முப்பிடாதி சிரிக்கவில்லை. "ஆகட்டும் சாமி" என்றாள்.

அதோடு விட்டாளா? நம் பக்கத்தில் கல்யாணப் பத்திரிகையோ கிரையப் பத்திரமோ, நாலு மூலையிலும் மஞ்சள் வைக்காமல் ஒரு காரியம் தொடங்குவது கிடையாது. இந்த வண்டிக்கு ஆர்.சி. புத்தகம் இல்லை, இருந்தது கார்னெட் ஒன்றுதான். பூதத்தான் பின்பக்கம் தேங்காய்ச் சில்லைப் பொறுக்கிக்கொண்டிருந்த நேரத்தில், அவள் மஞ்சளைத் தண்ணீர் விட்டுக் குழைத்து, புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் புரட்டி, ஒவ்வொரு மூலையிலும் வைத்தாள். கை என்ன கை? அப்பள மாவு பிசைந்த கை. வைத்தால் அழுத்தித்தான் வைக்கும்.

அதற்கப்புறம் நடந்தது பெரிய கொண்டாட்டம். வலப்பக்கம் முப்பிடாதி முறுக்குத் தின்றுகொண்டு உட்கார்ந்திருப்பாள். எதிரே வருகிறவன் கண்ணுக்கு, ஒரு பொம்பளை ஒரு கையில் முறுக்கும் மறு கையில் ஒன்றுமில்லாமலும் கார் ஓட்டி வருகிறாள்! மணிமுத்தாறு போகிற வழியில் ஒரு டிராக்டர்காரன் அதைக் கண்டு வண்டியை வயலோரம் ஒதுக்கிவிட்டுக் கீழேயே குதித்துவிட்டான். அவளோடு அப்பளம் போடும் மாரிக்கண்ணு, "யக்கா, ஸ்டியரிங்கு எங்கக்கா?" என்று தெருவில் நின்று கத்தினாள். "வீட்டுல கழத்தி வச்சிருக்கேம்ட்டி" என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தாள் இவள்.

ஒருநாள் திருநெல்வேலியில், வண்ணார்பேட்டை சிக்னல் தாண்டி, ஒரு போக்குவரத்துக் காவலர் வண்டியை நிறுத்தி வலப்பக்கக் கண்ணாடியைத் தட்டினார்.

"லைசென்ச எடும்மா."

"அது அவுககிட்ட இருக்கு."

"ஓட்டுதது நீ, லைசென்சு அவருட்டயா? நல்லா இருக்கே கத!" என்று குனிந்து உள்ளே பார்த்தவர் திகைத்துப்போனார். அவள் முன்னால் ஒன்றுமே இல்லை. பதிவு செய்யாத வண்டி என்று கொஞ்ச நேரம் அதட்டினார். பூதத்தான் கார்னெட்டை நீட்டினான். அவர் புரட்டினார், ஒரு பக்கமும் விளங்கவில்லை, ஆனால் பக்கத்துக்குப் பக்கம் மஞ்சளைக் கண்டதும் கை தானாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டது. மேலதிகாரிக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டு, "சரி, பைய போங்க" என்று வழிவிட்டார்.

இப்படியே நாள் ஓடிற்று. ஐந்தாவது மாதம் கழிந்ததும் முப்பிடாதி முறுக்கு வாங்குவதை நிறுத்திவிட்டாள். கேட்டால் பல்வலி என்றாள். பூதத்தானுக்கும் பாட்டு வரவில்லை.

கெடுவுக்கு நாலு நாள் இருக்கையில் இருவரும் கொச்சிக்குக் கிளம்பினார்கள். வண்டியைக் கப்பலுக்கு ஒப்படைத்துவிட்டு மறுநாள் அவன் விமானம் ஏற வேண்டும். அவள் வழியனுப்ப வந்தாள்.

சுங்க அலுவலகத்தில் ஒரு மலையாளத்து அம்மா அதிகாரி. கோயம்புத்தூரில் படித்தவராம், தமிழ் தெரிந்திருந்தது. கார்னெட்டைத் திறந்தவர் மூக்கைச் சுளித்தார்.

"இது என்ன?"

"மஞ்சள் மேடம்."

"அது தெரியுது. முத்திரை எங்கே?"

அப்போதுதான் பூதத்தான் சரியாகப் பார்த்தான். ஐயோ! உள்ளே வந்தபோது போட்ட ஊதா முத்திரை பக்கத்தின் மூலையில் இருந்திருக்கிறது. அதன் மேலேயே ஈர மஞ்சள். மை கசிந்து, தேதியும் இல்லை, எண்ணும் இல்லை, கத்தரிப்பூ நிறத்தில் ஒரு கறைதான் இருந்தது.

"எப்போ வந்ததுன்னு தெரியாம, ஆறு மாசத்துக்குள்ள போகுதுன்னு நான் எப்படி எழுதறது?" என்றார் அதிகாரி. "இந்தப் பக்கத்தோட ஒரு துண்டைக் கிழிச்சு நாங்க வச்சிருப்போம். அதுல தேதி இருக்கும். ஆனா எண் தெரியாம ஒவ்வொரு கட்டா பிரிச்சுத் தேடணும். மனு எழுதிக் கொடுங்க, ஒரு வாரம் ஆகும்."

ஒரு வாரமா? இருப்பது மூன்று நாள். பூதத்தானுக்கு அசன் மைதீனின் கையெழுத்து கண் முன்னால் வந்து நின்றது. நம்பிப் போட்ட மனுஷர் தலையில் காரின் விலைக்கு மேலே வரி! முப்பிடாதி அவனை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"அம்மா, அவுகள ஒண்ணும் சொல்லாதீங்க. மஞ்ச வச்சது நாந்தான்."

"சுங்கப் புத்தகத்துல எதுக்கும்மா மஞ்சள்?"

"எங்க வீட்டுக்கு எத்தனையோ காயிதம் வந்திருக்கும்மா. பாஸ்போட்டு, விசா, பிளேன் டிக்கெட்டு. எல்லாம் இவுகள எங்கிட்டருந்து கூட்டிட்டுப் போன காயிதம். ஆறு மாசம் முழுசா இவுகள எங்கூட இருக்க வச்சது இந்தக் காயிதம் ஒண்ணுதான். அதான் வச்சேன். கொஞ்சம் கூடிப்போச்சு, மன்னிச்சிருங்க."

அதிகாரி பேனாவை மூடினார். அவளையே பார்த்தார். பிறகு எழுந்து உள்ளே போய், உதவியாளர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு, கட்டுகளைத் தானே பிரிக்க உட்கார்ந்துவிட்டார். மதியச் சாப்பாட்டு நேரமும் போயிற்று. இரண்டரை மணிக்கு ஒரு சின்னத் துண்டுத் தாளை ஆட்டிக்கொண்டே வெளியே வந்தார். தேதி, எண், முத்திரை எல்லாம் பளிச்சென்று இருந்தது. கெடுவுக்கு இன்னும் மூன்று நாள்!

புத்தகத்தில் குறிப்பெழுதி வெளியேறும் முத்திரையைக் குத்தியவர், அதைச் சட்டென்று கையால் மறைத்துக்கொண்டார். "இதுக்கு மட்டும் மஞ்சள் வைக்காதீங்கம்மா!" அந்த அறையில் இருந்த எல்லாருமே சிரித்தார்கள். பூதத்தான் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தான்.

முப்பிடாதி மட்டும் நகரவில்லை.

"இன்னொண்ணு கேக்கட்டுமாம்மா? சட்டப்படி வண்டிதான போணும்? ஆளும் போயே ஆவணுமா?"

அதிகாரி அவளைப் பார்த்தார், தலைகுனிந்து நின்ற பூதத்தானைப் பார்த்தார், அவன் காலடியில் இருந்த பயணப் பையையும் பார்த்தார். "வண்டி போனா போதும்" என்றார். "ஆள நீங்களே வச்சுக்கலாம். வரி கிடையாது."

இந்த ஆறு மாதத்தில் ஒரு நாளாவது இந்தக் கேள்வி பூதத்தானுக்குத் தோன்றியிருக்க வேண்டாமா? இரண்டு கெடுவையும் ஒன்றாக முடிச்சுப் போட்டவனே அவன்தானே.

"விசா செத்துப்போயிரும்ளா" என்றான் மெல்ல.

"சாவட்டும். நீங்க இருங்க."

அவன் வெளியே வந்து போனை எடுத்தான். "பாய், முத்திர போட்டாச்சு. ஒங்க ஜாமீனுக்கு ஒரு கொறையும் இல்ல. வண்டி வருது, நல்ல வெலைக்கு வித்துக் குடுத்திருங்க."

"நீரு எப்ப வாரீரு?"

"நான் வரல பாய்."

"ஓய் பூதத்தான், இத்தன வருசத்துல நீரு பேசுன உருப்படியான பேச்சு இதாம்வே. நல்லா இரும்."

இருவரும் நடந்தே ரயிலடிக்குப் போனார்கள். புருஷனை வழியனுப்பிவிட்டு ஒற்றை டிக்கெட்டில், முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, பதினொரு தடவை தனியாக ஊர் திரும்பியவள் முப்பிடாதி. இன்றைக்கு அவள் பழக்கத்தில் சுருக்குப்பையைத் திறந்துகொண்டு கவுண்டரை நோக்கி நடந்தாள். பூதத்தான் அவளைத் தாண்டிப் போய் வரிசையில் நின்றான்.

"கல்லிடைக்குறிச்சிக்கு ரெண்டு" என்றான்.