கொத்தமங்கலத்து வாசலில் ஒரு லண்டன் காவலர்

போன வருஷம் ஆவணி மாதம், கொத்தமங்கலத்தில் ஒரு பெரிய வீட்டுக் கல்யாணம். காலை நேரம்தான், ஆனாலும் வெயில் மண்டையைப் பிளந்தது. அந்த வீட்டு வாசலில் நான் லண்டன் அரண்மனைக் காவலர் வேஷத்தில் விறைப்பாக நின்றுகொண்டிருந்தேன். திடீரென்று இப்படிச் சொன்னால் யாருக்கும் சிரிப்புதான் வரும். அதனால் முதலில் இருந்தே சொல்லிவிடுகிறேன்.

காரைக்குடியில் நான் கல்யாண வரவேற்பு வேலைகளை எடுத்துச் செய்கிறேன். பன்னீர், சந்தனம், வாசல் அலங்காரம், இப்போது எல்லாரும் கேட்கிற வேஷம் போட்ட ஆட்கள் என்று எல்லாம் உண்டு. எங்கள் குடும்பம் விவசாயக் குடும்பம். இதையெல்லாம் ஒரு தொழில் என்றே சொந்தக்காரர்கள் மதிக்கவில்லை. காதுகுத்து, வளைகாப்பு என்று ஓட்டிக்கொண்டிருந்த எனக்கு அந்தக் கல்யாணம்தான் முதல் பெரிய வேலை.

இந்த வேஷத்தைக் கேட்டது கல்யாணப் பெண்ணின் அம்மா. எங்கள் பக்க வழக்கப்படி ஆச்சி என்றுதான் அவரைக் கூப்பிடுவோம்.

"எம் பொண்ணு கல்யாணம் முடிஞ்சு லண்டனுக்குப் போகுது ஆத்தா. நான் அந்த ஊரைப் பாத்ததில்ல. டிவியில காட்டுறாகளே, சிவப்புக் கோட்டும் கரடிமுடித் தொப்பியும் போட்டுக்கிட்டு ஆடாம அசையாம நிக்கிறவுக, அவுக மாதிரி ரெண்டு பேரு எங்க வாசல்ல நிக்கணும். அந்த ஊரே வந்து எம் பொண்ணை அழைக்கிற மாதிரி இருக்கட்டும்" என்றார்.

அந்த ஆசைக்காகவே ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்று தோன்றியது. போனில் வீடியோ வீடியோவாகப் பார்த்தேன். அந்தச் சிவப்புக் கோட்டுக்குச் சில நூறு வருஷ வரலாறு இருக்கிறதாம். தொப்பி உண்மையிலேயே கரடித் தோல். பிரெஞ்சுக்காரர்களோடு நடந்த ஒரு பெரிய போரில் ஜெயித்த பிறகு, எதிரிப் படையின் உயரமான தொப்பியைப் பார்த்துத் தாங்களும் அணிய ஆரம்பித்தார்களாம். எனக்குக் கரடிக்கு எங்கே போவது? பிளாஸ்டிக் கூடையைக் கவிழ்த்து, மேலே கறுப்பு ஃபர் துணியைச் சுற்றி ஒட்டினேன். பேண்டு வாத்தியக்காரர்களுக்கு யூனிஃபார்ம் தைக்கும் டெய்லரிடம் கெட்டிச் சிவப்புத் துணியில் ரெண்டு கோட்டு தைத்து வாங்கினேன். பித்தளைப் பொத்தான்களை நானே உட்கார்ந்து தைத்தேன்.

என் கொழுந்தனும் அவர் நண்பர் ஒருவரும் நிற்பதாக ஏற்பாடு. கல்யாணத்தன்று காலையில் நண்பருக்குக் கடும் காய்ச்சல். வேறு ஆள் தேட நேரமில்லை. எனக்குப் பனைமர உயரம். பள்ளிக்கூடத்தில் இருந்து அதற்காகக் கேலிதான் கேட்டிருக்கிறேன். அன்றைக்கு அதுதான் கைகொடுத்தது. கோட்டையும் கறுப்பு ஷூவையும் மாட்டிக்கொண்டேன். தொப்பி புருவம் வரை மறைத்தது. நழுவாமல் இருக்க அதன் வாரை நாடிக்குக் கீழே இழுத்து நன்றாக முடிச்சுப் போட்டேன்.

முதலில் ஜாலியாகத்தான் இருந்தது. வந்தவர்கள் எல்லாம் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்தார்கள். பிள்ளைகள் நாக்கைத் துருத்திக் காட்டினார்கள். எங்கள் ஊர்க்காரர் ஒருவர் என் முகத்துக்கு நேரே வந்து உற்றுப் பார்த்துவிட்டு, "பொம்மைதான் போல" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அந்தப் பக்கம் நின்ற என் கொழுந்தன் சிரிப்பை அடக்க முடியாமல் திணறினார்.

மாப்பிள்ளை வரத் தாமதமானது. வெயில் ஏற ஏற, கோட்டுக்குள் வியர்வை ஆறாக ஓடியது. எதிர் நிழலில், பட்டு வேட்டி சட்டையில் ஒருவர் நின்று ரொம்ப நேரமாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். முப்பத்தைந்து, நாற்பது வயது இருக்கும். எனக்கு எரிச்சலாகக்கூட வந்தது. கொஞ்ச நேரத்தில் அவர் நடந்து வந்து என் பக்கத்தில், தெருவைப் பார்த்தபடி நின்றார். என்னைத் திரும்பிப் பார்க்காமலே மெதுவாகப் பேசினார்.

"தங்கச்சி, முழங்காலை இறுக்கிப் பிடிக்காதேங்கோ. சப்பாத்துக்குள்ள கால்விரலை ஆட்டிக்கொண்டு நில்லுங்கோ. இல்லாட்டி மயங்கிப் போடுவீங்கள்."

இலங்கைத் தமிழ். சப்பாத்து என்றது என் ஷூவை. நான் பெண் என்று எப்படிக் கண்டுபிடித்தார் என்று திகைத்தேன். அப்புறம்தான் உறைத்தது, மூக்குத்தியைக் கழற்ற மறந்திருக்கிறேன்.

"நான் உந்த வேலைய லண்டன் அரண்மனையில கனகாலம் செய்தனான். மாப்பிள்ளையின்ர சிநேகிதன். பயப்பிடாதேங்கோ" என்றார்.

அவர் சொன்னபடி விரலை ஆட்டிப் பார்த்தேன். ஆனால் அதற்குள் காலம் கடந்துவிட்டது. தெரு வெள்ளையாக மாறியது. காதுக்குள் ஒரு இரைச்சல். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

வெட்டிய மரம் போல முன்னால் சாய்ந்தேனாம். எனக்கு நேர் கீழே கருங்கல் படி. மண்டை அதில் மோதுவதற்குள் அந்த இலங்கைக்காரர் பாய்ந்து பிடித்துவிட்டார் என்று என் கொழுந்தன் பிறகு சொன்னார். கழுத்தை இறுக்கிக்கொண்டிருந்த முடிச்சை அவிழ்க்க வரவில்லை. பிடித்தவரே அதைப் பல்லால் கடித்து அறுத்திருக்கிறார்.

கண் விழித்தபோது, வாசல் தெரிகிற முகப்புத் திண்ணையில் ஆச்சி மடியில் என் தலை இருந்தது. கோட்டைக் கழற்றி, முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். அதே நேரம் தெருமுனையில் நாதஸ்வரம் கேட்டது. மாப்பிள்ளை வந்துவிட்டார். நான் எழுந்திருக்கப் பார்த்தேன், கால் நிற்கவில்லை.

"ஆச்சி, வாசல்ல ஒரு பக்கம் ஆளில்லையே!" என்று அழுதுவிட்டேன்.

"வாசல் கெடக்குது. பேசாம படு ஆத்தா. இம்புட்டு வெயில்ல உன்னை நிக்கச் சொன்ன என்னைச் சொல்லணும்" என்று ஆச்சி அதட்டினார்.

அந்த இலங்கைக்காரர் கீழே கிடந்த கோட்டை எடுத்து உதறி, சட்டைக்கு மேலே மாட்டினார். தொப்பியை வைத்து, அறுந்த வாரை நாடிக்குக் கீழே விடாமல் கீழுதட்டுக்குக் கீழே நிறுத்தி, நுனியைக் காதோரம் செருகிக்கொண்டார்.

"நீங்கள் கிடவுங்கோ தங்கச்சி. நான் நிக்கிறன்" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

கீழே பட்டு வேட்டி, வெறுங்கால். மேலே சிவப்புக் கோட்டும் கரடித் தொப்பியும். பார்த்தவுடன் கூட்டம் கொல்லென்று சிரித்தது. அவர் அந்த இடத்தில் போய்க் குதிகாலைச் சேர்த்து நின்றார் பாருங்கள், சிரிப்பு அப்படியே அடங்கிவிட்டது. நான் நின்றது வேஷம். அவர் நின்றபோது அந்த வாசலே நிமிர்ந்த மாதிரி இருந்தது. என் கொழுந்தன்கூட அவரைப் பார்த்துத் தோளை நேராக்கிக்கொண்டார்.

காரில் இருந்து இறங்கிய மாப்பிள்ளைக்குத் தன் கண்ணையே நம்ப முடியவில்லை. பக்கத்தில் போய்க் கண்ணடித்தார், காதில் என்னவோ சொன்னார், இடுப்பில் கிச்சுகிச்சு மூட்டினார். அவர் இமையைக்கூட அசைக்கவில்லை. மாப்பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தபடி உள்ளே போனார்.

எல்லாரும் உள்ளே போன பிறகும் அவர் நின்றுகொண்டே இருந்தார். முறைப்படி யாராவது விடுவிக்கும் வரை நகரக் கூடாது போல. ஆச்சி அதைக் கவனித்துவிட்டார். ஒரு செம்பு மோரோடு வாசலுக்குப் போனார். சேலை முந்தானையால் அவர் நெற்றி, கன்னம் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, செம்பை உதட்டருகே பிடித்தார்.

"குடிங்க தம்பி. எவ்வளவு நேரமா நிக்கிறீக. உங்க ராசா இங்க வந்து பாக்கப் போறாரா?"

மாப்பிள்ளையால் அசைக்க முடியாத மனிதர், வாயைத் திறந்து மோரைக் குடித்தார். கை ரெண்டும் பக்கவாட்டில் விறைப்பாகத்தான் இருந்தன. கண்ணில் இருந்து மட்டும் தண்ணீர் ஓடியது. ஆச்சி அதையும் முந்தானையால் துடைத்தார்.

அப்புறம் பந்தியில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தார். நான் நூறு முறை நன்றி சொல்லியிருப்பேன். அவர் சிரித்துக்கொண்டு என் தையலைப் பற்றிச் சொன்னார். நிஜத்தில் ஐந்து படைப்பிரிவுகள் உண்டாம். பொத்தானைப் பார்த்தே யார் எந்தப் பிரிவு என்று சொல்லிவிடலாமாம். நான் மாட்டிய கோட்டில் தனித்தனியாகவும் கொழுந்தன் கோட்டில் சோடி சோடியாகவும் தைத்துவைத்திருந்தேன்.

"ரெண்டு படைக்காரரை ஒரே வாசலில நிப்பாட்டிப் போட்டியள். பரவாயில்லை, சண்டை பிடிக்காமல் நிண்டவை" என்றார். எனக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது.

ஏன் அழுதீர்கள் என்று கேட்கத் தயக்கமாக இருந்தது. அவரே சொன்னார். அரண்மனையில் காவல் இருக்கும் நாட்களில் அவருடைய அம்மா பஸ் ஏறி வந்து, வேடிக்கை பார்க்கிற கூட்டத்தோடு கூட்டமாக நிற்பாராம். மகன் நிற்பதைப் பார்த்தால் போதும் அவருக்கு. இவரால் திரும்பிப் பார்க்கவும் முடியாது, ஒரு வார்த்தை பேசவும் முடியாது. அம்மா எப்போதும் ஒரு போத்தலில் தண்ணீர் கொண்டுவருவாராம். கொடுக்க வழியில்லாமல் அப்படியே திருப்பிக் கொண்டுபோவாராம்.

"அம்மா போய் நாலு வருசம். இண்டைக்கு ஆச்சி முகத்தைத் துடைச்ச நேரம்..." என்றவர் இலையைப் பார்த்தார். அந்தப் பக்கமாகப் பாயசம் பரிமாறிக்கொண்டு வந்த ஆச்சிக்கு என்ன புரிந்ததோ, அவர் இலையில் இன்னொரு கரண்டி ஊற்றிவிட்டுப் போனார்.

அந்தக் கல்யாணத்துக்குப் பிறகு எனக்கு நிறைய வேலை வருகிறது. என்னிடம் நிற்க வருகிற யாரையும் நிழலில்லாத இடத்தில் நிறுத்துவதில்லை, தொடர்ந்து நிற்க விடுவதுமில்லை. அது நான் கற்றுக்கொண்ட பாடம். ஆனால் மனசில் நிற்பது வேறு. முன்பெல்லாம் லண்டன் காவலர்களைப் போனில் பார்த்தால் கோட்டையும் தொப்பியையும்தான் பார்ப்பேன். இப்போது சுற்றி நிற்கிற கூட்டத்தைப் பார்க்கிறேன். அதில் எந்த அம்மா தன் பிள்ளைக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டு நிற்கிறாரோ என்று என் கண் தேடிக்கொண்டே இருக்கிறது.