பி பிரிவில் இருந்தவள்

உதவி கேட்டு வந்த ஒரு பெண்ணை, என் ஆய்வு கெட்டுவிடும் என்பதற்காகத் திருப்பி அனுப்பினேன். யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

திருத்தணியில் ஒரு பள்ளியில் மாணவர் ஆலோசகராக இருக்கிறேன். முனைவர் பட்டத்துக்காகப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் தேர்வு பயத்தை ஆராய்ந்தேன். ஏ பிரிவுக்கு வாரந்தோறும் ஆலோசனை. பி பிரிவுக்கு ஆய்வு முடியும்வரை எதுவும் இல்லை. கடைசியில் இரண்டையும் ஒப்பிட்டால்தான் என் ஆலோசனைக்குப் பலன் உண்டா என்று தெரியும். முறை சரிதான். அதைக் குறை சொல்லித் தப்பிக்க நான் வரவில்லை.

என் நெறியாளர் தொடக்கத்திலேயே சொல்லியிருந்தார்: பி பிரிவிலிருந்து எவராவது உதவி என்று வந்தால் ஆய்விலிருந்து விலக்கிவிடு, முதலில் பிள்ளையைப் பார். தலையாட்டினேன். ஆனால் அந்தப் பிரிவில் ஏற்கெனவே சிலர் பாதியில் நின்றுவிட்டார்கள். இன்னும் ஒருத்தி குறைந்தால் ஆய்வு செல்லாமல் போய்விடுமோ என்று எனக்குப் பயம். பிள்ளைகளின் பயத்தை அளக்கப் போனவளுக்கு வந்த பயத்தைப் பாருங்கள்!

லாவண்யா பி பிரிவு. பொதட்டூர்பேட்டையில் தறி ஓட்டும் குடும்பம். ஆடிக் கிருத்திகை விடுமுறைக்கு முந்தின நாள், பள்ளி விட்ட பிறகு என் அறை வாசலில் வந்து நின்றாள்.

"மிஸ், ஊட்ல ஒண்ணு பேசிகினு கீறாங்க. உங்க கிட்ட சொல்லணும்."

தேர்வு விஷயமல்ல என்று முகத்திலேயே தெரிந்தது. தெரிந்தும்... லீவு முடிந்து வா, பேசலாம் என்றேன். அதுவும் பொய். அப்போது வந்திருந்தாலும் வேறு சாக்குச் சொல்லியிருப்பேன். ஆய்வு முடியப் பல மாதங்கள் இருந்தன.

அவள் வரவில்லை. ஆடி மாதம் என்றும் பாராமல், அந்த விடுமுறையிலேயே ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்த மாமன் மகனுக்குக் கட்டிவைத்துவிட்டார்கள். ஆய்வேட்டில் அவளை இடைநின்றவர்களோடு சேர்த்து, காரணம் குடும்பச் சூழல் என்று எழுதினேன். எந்த ஒருத்தி குறையக்கூடாது என்று பார்த்தேனோ, அவளும் குறைந்துதான் போனாள். ஆய்வு செல்லாமல் போகவில்லை. பாராட்டக்கூடச் செய்தார்கள்!

சென்ற ஆண்டு மலைக்கோயிலில் அவளைப் பார்த்தேன். மொட்டையடித்துச் சந்தனம் பூசிய குழந்தை இடுப்பில். கணவனிடம், எங்க மிஸ் என்று பெருமையாகக் காட்டினாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"லீவு முடிஞ்சி வர்லாம்னுதான் மிஸ் இருந்தேன். நைனா கிட்டகூட சொன்னேன், எங்க மிஸ்ஸ கேட்டுட்டு சொல்றேன்னு."

நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். குழந்தையின் பெயரைக் கேட்டேன்.

இப்போது புதிய ஆலோசகர்களுக்கு ஆய்வு முறைகள் பற்றி வகுப்பு எடுக்கிறேன். ஒப்பீட்டுக் குழு பற்றிய பாடத்தில் நெறியாளர் சொன்னதை அப்படியே சொல்வேன். உங்கள் ஆய்வில் யாராவது அப்படி வந்தார்களா மேடம் என்று போன மாதம் ஒருத்தி கேட்டாள்.

இல்லை என்றேன்.