இடது முழங்கையில் சாய்ந்த எட்ருஸ்கர்

1. செருப்பு

குயவர் ஊரான த்வாண்டேயிலிருந்து வந்த லாரியில் சரக்கு இறக்க ஏறிய சுமைகூலிகள், சிலையைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றினார்கள்.

நகரின் மிங்கலா தாங்ஞுன்ட் பகுதியில் ஓர் இன்டீரியர் டெக்கரேஷன் கம்பெனியில் அப்போது நான் மேனேஜர். ஓர் இத்தாலிய உணவகத்துக்கு எட்ருஸ்கர் சிலை ஆர்டர் எடுத்திருந்தோம். ரோம் தலையெடுக்கும் முன் இத்தாலியில் செழித்தவர்கள் எட்ருஸ்கர்கள். அவர்கள் எழுத்தை வாசிக்கலாம். பொருள்தான் பெரும்பாலும் விளங்காது. கி.மு. ஆறாம் நூற்றாண்டுச் சுடுமண் பேழை ஒன்றின்மேல் கணவனும் மனைவியும் விருந்துக் கட்டிலில் சாய்ந்து சிரிக்கிறார்கள். கல்லறையில் என்ன சிரிப்பு என்று இன்னும் யாரும் சொல்லவில்லை. அந்தப் போட்டோவைத்தான் குயவர் கோ மின்னிடம் கொடுத்திருந்தேன்.

போட்டோவில் கணவன் இடது முழங்கையில் சாய்ந்திருந்தான். கோ மின் அவனை வலப்பக்கம் திருப்பி, தாடியை எடுத்து, காதை நீட்டியிருந்தார். சயனப் புத்தரேதான். காலத்தால் புத்தரும் இந்த எட்ருஸ்கரும் ஏறக்குறைய ஒட்டியவர்கள். இந்தப் பௌத்த நாட்டில் அது எங்களைக் காப்பாற்றாது. ஏனென்றால் பக்கத்தில் மனைவி, அவள் கையில் ஒயின் கோப்பை.

எங்கள் முதலாளி ஊ ராமு வியர்த்துப்போனார். “அண்ணே, மதத்த அவமதிச்சோம்னு ரெண்டு பேரையும் உள்ள தள்ளிடுவான். ஒடைச்சிடுங்க!”

“நீங்களே ஒடைங்க.” சுத்தியலை நீட்டினேன்.

“நான் எப்படிண்ணே? இப்பத்தானே கும்பிட்டேன்!”

வைக்கவும் முடியாது, உடைக்கவும் முடியாது. தார்ப்பாயால் மூடிவிட்டுக் கோ மின்னுக்குப் போன் போட்டேன்.

2. விளக்கம்

“போட்டோ இடம் வலம் மாறி இருந்துச்சு, சயா. நான்தான் சரி பண்ணேன்” என்றார் கோ மின் பெருமையாக. மரியாதைக்கு என்னைச் ‘சயா’ என்பார்.

“பக்கத்துல பொம்பளை இருக்கே, யோசிக்கலையா?”

“தானம் பண்ண வந்தவங்கன்னு நெனச்சேன்.”

“கையில ஒயின் கோப்பை?”

“ஒயினா? தானம் பண்ணித் தண்ணி ஊத்துவாங்களே, அந்தக் கோப்பைன்னு... ஐயையோ! திருப்பி அனுப்புங்க சயா. மந்திரம் ஓதாத வரைக்கும் அது மண்ணுதான். நானே ஒடைச்சுக்கறேன்.”

3. பாஸ்

இரண்டாவது சிலை உணவகம் திறக்கும் முன்பே வந்தது. இடது முழங்கை, கூர்தாடி, சிறிய காது. ஊ ராமு சிலையைப் பார்க்கவில்லை. கூலிகளின் காலையே பார்த்தார். செருப்போடு ஏறினார்கள். ஒருவன் வெற்றிலையை மென்றபடி தன் துண்டை எட்ருஸ்கரின் தோளில் போட்டுவிட்டுக் கயிற்றை அவிழ்த்தான்.

“செலை பாஸ்! எறக்குங்க!” என்றார் முதலாளி.

என்ன செய்ய வேண்டும் என்று போட்டோ கொடுத்தால் போதாது, எதுவாக ஆகிவிடக் கூடாது என்றும் சொல்லுங்கள். மறந்துவிட்டால், சரக்கு வரும்போது இறக்குகிறவன் காலைப் பாருங்கள்.