பாய் நிறுத்திய இடம்

என் படங்களைப் பார்ப்பதற்கென்று ஒரு சிறு கூட்டம் உண்டு. திரையிடல் முடிந்ததும் அதில் யாராவது ஒருவர் மைக்கை வாங்கி, என்னை மிகவும் பாதித்த இயக்குநர் யார் என்று கேட்காமல் விடமாட்டார். நான்கைந்து பெயர்களைச் சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிப்பேன். அது பொய்யில்லை. ஆனால் முதல் பதில் மேற்கு மாம்பலத்தில் எங்கள் வீட்டுப் பீரோவின் மேல்தட்டில் இருந்தது. அம்மாவின் கல்யாண ஆல்பம்.

வீட்டுக்கு யார் வந்தாலும் காபிக்கு அடுத்தது ஆல்பம்தான். அம்மா அதை மடியில் வைத்துக்கொண்டு, இது யார், அது யார், யார் யாரோடு பேசுவதில்லை என்று சொல்லிக்கொண்டே பக்கம் பக்கமாகத் திருப்புவாள். ஊஞ்சல் படம் முடிந்ததும் மட்டும் இரண்டு தாள்களைச் சேர்த்துப் பிடித்துத் திருப்பிவிடுவாள். பேச்சு நிற்காது, கை மட்டும் தாண்டிப் போகும். யாருக்கும் காட்டப் பிடிக்காத படம் ஏதோ அதற்குள் இருக்கிறது என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான் முடிவு செய்துகொண்டேன். என்ன என்று கேட்கவில்லை. கேட்பது மரியாதை இல்லை என்று அந்தச் சின்ன வயதிலேயே தோன்றிவிட்டது.

பிற்பாடு கேமராவைத் தூக்கிக்கொண்டு அடுத்தவர் வீட்டுக்குள் நுழைகிற பிழைப்பு வாய்த்தபோது, அம்மாவின் அந்தக் கையும் கூடவே வந்தது. அதிலிருந்து பிறந்ததுதான் என் ரிமோட் விதி. அடையாறில் நான் எடுக்கும் ஆவணப்பட வகுப்பில் இதை முதல் நாளே சொல்லிவிடுவேன். படம் யாரைப் பற்றியதோ அவர் வீட்டில்தான் முதல் திரையிடல். ரிமோட் அவர் கையில். பிடிக்காத இடத்தில் அவர் நிறுத்தலாம், நிறுத்திய காட்சி படத்தில் இருக்காது. ஏன் என்று கேட்கக் கூடாது. கேட்டால் அவர் பாவம், நமக்காக ஒரு சமாதானம் தேடுவார். நாம் அதைப் பிடித்துக்கொண்டு பேசியே கவிழ்த்துவிடுவோம். அந்த வித்தையில் சினிமாக்காரர்களை அடித்துக்கொள்ள ஆளில்லை.

சென்ற ஆண்டு வகுப்பில் தி.நகர் பெண் ஒருத்தி இருந்தாள். தெற்கிலிருந்து வந்து ஜவுளிக்கடை வைத்த குடும்பம். மகள் கடைக் கல்லாவில் உட்கார வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. ஒரே ஒரு படம் எடு, பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்று அவகாசம் கொடுத்திருந்தார். அவள் தங்கள் கடைக்குப் பின்சந்தில் ரவிக்கை தைக்கும் பாயைப் படம் எடுத்தாள்.

பாயின் கடை ஒரு ஷட்டர் அகலம். முன்னால் தெருவைப் பார்த்தபடி அவர் மிஷின். அவர் முதுகுக்குப் பின்னால் ஸ்டூலில் அவர் மனைவி. தைத்த ரவிக்கைகளுக்குக் கொக்கி கட்டுவது அந்த அம்மாவின் வேலை. இருவரும் படத்தில் வரச் சம்மதித்திருந்தார்கள். ஒரு மத்தியானம் ரவிக்கை இறுக்கிப் பிடிக்கிறது என்று சண்டைக்கு வந்த ஒரு வாடிக்கையாளரிடம், துணி சுருங்கவில்லை, அளவும் தப்பவில்லை, மற்றதை நான் எப்படிச் சொல்வது என்று பாய் இழுத்துக்கொண்டிருந்தார். பின்னால் அந்த அம்மா சத்தமில்லாமல் அதே வார்த்தைகளை அவருக்கு முன்பே வாயசைத்தார். பிறகு சிரித்தார். சிரிப்பு அடங்கியும் பாயின் முதுகை விட்டுக் கண் எடுக்கவில்லை. அத்தனையும் கேமராவில் விழுந்திருந்தது. வகுப்பில் அதைப் போட்டுக் காட்டியபோது எனக்குப் பொறாமையாக இருந்தது. அந்தக் காட்சி இருந்தால்தான் அது படம். இல்லாவிட்டால் நன்றாக எடுத்த தையல் கடை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை திருவல்லிக்கேணியில் அவர்கள் வீட்டுக்குப் போனோம். விதியைச் சொல்லி ரிமோட்டைக் கொடுத்தோம். அந்த அம்மா டீ போட உள்ளே போயிருந்த நேரம் பார்த்து அந்த இடம் வந்தது. பாய் நிறுத்தினார். திரையில் சிரிப்பு அப்படியே நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஓடவிட்டார். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள், நான் தலையைக் குனிந்துகொண்டேன். வீட்டுப் பெண் சிரிப்பதை ஊரே பார்ப்பது அவருக்குச் சங்கடம், பாய் வீடு அல்லவா என்று நாங்களே ஒரு காரணத்தை ஜோடித்துக்கொண்டோம். அவரைக் கேட்கத்தான் விதி விடவில்லையே.

திரும்பும்போது ஆட்டோவில் அவள் அழுதாள். ஒரு தடவை பேசிப் பார்க்கலாமா என்றாள். கூடாது என்றேன். 

அடையாறு வகுப்பின் திரையிடலுக்குப் பாயும் மனைவியும் நல்ல உடுப்பு உடுத்தி வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். ஓரத்தில் அந்தப் பெண்ணின் அப்பா. படம் முடிந்தது. கைத்தட்டல் மரியாதைக்கு வந்தது. அப்பா முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பாய் எழுந்து நின்றார்.

"யம்மா, நம்ம ஊட்டுக்காரி சிரிச்சுகினு இருந்தாளே, அது இன்னா ஆச்சு?"

நீங்கள் நிறுத்தினீர்களே, அதனால் வெட்டிவிட்டோம் என்றாள் அந்தப் பெண். பாய் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"புடிக்காம நிறுத்தல மா. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அவ என் முதுகுக்குப் பின்னாடிதான் குந்திகினு கீறா. அப்படி சிரிக்கிறத நான் பாத்ததே இல்ல. நல்லா பாக்கலாம்னு நிறுத்துனேன்."

அரங்கம் சிரித்தது. அந்த அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. அவள் அப்பா வெளியே வந்து மகளிடம் சொன்னது ஒன்றுதான்: "அந்த சீனைச் சேத்துப் போடு. பாத்துட்டுச் சொல்லுதேன்."

மயிலாப்பூரில் என் வீட்டில்தான் இப்போது அம்மா இருக்கிறாள். அன்று வீட்டுக்குப் போன கையோடு அவளிடம் அந்த ஊஞ்சல் படத்துக்கு அடுத்த பக்கத்தைப் பற்றிக் கேட்டேன்.

"அதுவா? மாம்பலத்தாத்துல மழை ஒழுகி ரெண்டு பக்கமும் ஒட்டிண்டுடுத்து. பிரிச்சா கிழிஞ்சுடுமேன்னு சேர்த்துத் திருப்புவேன். ஏன், நீ என்னன்னு நினைச்சே?"

நான் என்ன நினைத்தேன், அதை வைத்து எத்தனை வகுப்பு எடுத்தேன் என்பதையெல்லாம் அவளிடம் சொல்லவில்லை. தனியாகப் போய்ச் சிரித்தேன். விதியையும் தூக்கிப்போடவில்லை, ரிமோட் இன்னமும் அவர்கள் கையில்தான். ஏன் நிறுத்தினீர்கள் என்று ஒரு முறை கேளுங்கள், சொல்ல இஷ்டமில்லை என்றால் வெட்டிவிட்டு வாருங்கள் என்று மட்டும் சேர்த்துக்கொண்டேன்.

காட்சியைச் சேர்த்ததும் அந்தப் பெண்ணின் அப்பா கடையிலேயே படத்தைப் பார்த்துவிட்டு, கல்லாவுக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். பிறகு மறுபடியும் திருவல்லிக்கேணிக்குப் போனோம். இந்தத் தடவை அந்த அம்மா டீயை முன்பே போட்டுவிட்டு வந்து, பாயின் பக்கத்திலேயே உட்கார்ந்தார். அந்த இடம் வந்தது. பாய் நிறுத்தினார். புது விதிப்படி அவள், ஏன் நிறுத்தினீங்க பாய் என்று கேட்டாள். அவருக்கு அது காதில் விழுந்த மாதிரியே இல்லை. திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.  கடைசியில் அந்த அம்மாதான் அவர் கையிலிருந்து ரிமோட்டை வாங்கினார்.

"போதும், ஓடட்டும். நான் இங்கதான கீறேன்."