மரை நீளமா, கட்டையா

ராசிபுரம் தாண்டும் முன்பே கார் திக்கத் தொடங்கியது. வாழப்பாடியில் மச்சினிச்சிக்கு வளைகாப்பு. பத்தரைக்குள் முதல் வளையல் ஏறியாக வேண்டும். வளையல் பை என் மனைவியின் மடியில் இருந்தது. அவள்தான் மூத்தவள், அவள்தான் முதலில் போட வேண்டும்.

சாலையோர மெக்கானிக் நான்கு ஸ்பார்க் ப்ளக்கையும் கழற்றிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். “புதுசு வாங்கியாந்துருங்க. பழசுல ஒண்ணைக் கையில கொண்டு போங்க சாமி, காட்டிக் கேக்கறதுக்கு.”

“நம்பர் எனக்குத் தெரியுங்க” என்றேன். இரண்டு மாதமாக ப்ளக் பற்றியே படித்துக்கொண்டிருந்தவன் கரிபிடித்த மாதிரியைக் கையில் ஏந்திப் போவதா?

பக்கத்துக் கடையில் முக்கால்வாசி லாரிச் சாமான். டீசல் எஞ்சினுக்கு ப்ளக்கே கிடையாது என்பதால் நான் அங்கே அபூர்வப் பிராணி.

“இரிடியம் வேணும்” என்றேன்.

“தர்றேனுங்க. மரை நீளமா, கட்டையா?”

நான் படித்ததில் உலோகம் இருந்தது, வெப்பம் இருந்தது, திருகி மாட்டும் மரையின் நீளம் மட்டும் இல்லை. நம்பரைச் சொன்னேன், சொல்லும்போதே கடைசி எழுத்து நழுவியது. கடைக்காரர் இரண்டு பெட்டிகளை வைத்துவிட்டுக் காத்திருந்தார். பின்னால் நான்கு லாரி டிரைவர்கள். திரும்பிப் போய் மாதிரியை வாங்கி வர இருநூறு அடிதான். மெக்கானிக்கின் முகத்தை நினைத்தால் அது இருநூறு மைலாகத் தெரிந்தது.

“அண்ணன் பரீட்சை எழுதறாரு, தள்ளி நில்லுங்கப்பா” என்றார் ஒரு டிரைவர்.

போன் அடித்தது. மனைவி.

“என்ன பண்றீங்க?”

“ப்ளக் தேர்ந்தெடுத்துட்டிருக்கேன்.”

“என்னைப் பாத்துச் சரின்னு சொல்ல அஞ்சு நிமிஷந்தான் ஆச்சு உங்களுக்கு” என்று வைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகும் கால் மணி நேரம் இரண்டு பெட்டிகளையும் மாற்றி மாற்றிப் படித்தேன். கடைசியில் கண்ணை மூடாத குறையாகக் கட்டையை எடுத்தேன்.

பட்டறைக்கு வந்தால் காரைக் காணோம்.

“அக்கா அவசரப்பட்டாங்க. பழசையே உப்புத்தாள்ல தேச்சு மாட்டி உட்டுட்டேனுங்க. வாழப்பாடி வரைக்கும் தாங்கும். அவங்களே ஓட்டிட்டுப் போய்ட்டாங்க. உங்களைப் பஸ்ஸுல வரச் சொன்னாங்க.” என் கையிலிருந்த பெட்டியைப் பிரித்துப் பார்த்தார். “இது கட்டைங்க. நம்ம வண்டிக்கு நீளம்.”

பத்து இருபதுக்கு அவள் கூப்பிட்டபோது, சேலம் பஸ்ஸில் இரண்டு முருங்கைக்காய்க் கட்டுகளுக்கு நடுவே ஒற்றைக் காலில் நின்றிருந்தேன்.

“முதல் வளையல் போட்டாச்சு. நீங்க மெதுவா வாங்க.”

வேறு மாதிரி வர வழியிருந்தால்தானே.